மூன்று கொம்புகள் எதற்கு?

மாணவர்களே! மாட்டுக் கொம்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? இறந்துபோன மாட்டின் தலை சில காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்தால், கொம்பின் மேற்கூடு கழன்று வந்துவிடும். உள்ளேயிருந்து கூரான எலும்பு ஒன்று வெளிப்படும். மேற்கூடு கெரட்டின் என்னும் பொருளால் ஆனது. நம் விரல் நகங்களும் இதே பொருளால் ஆனவைதாம். உள்ளிருக்கும் கூரோ மண்டையோட்டின் ஒரு பகுதி. மண்ணில் புதைந்தால் கெரட்டின் பெரும்பாலும் மக்கி மறைந்துவிடும். எலும்புக் கூர் மட்டுமே கல்லாக மாறி, கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்திருக்கக் கூடும்.

1887-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்கு அருகே அப்படிப்பட்ட இரண்டு எலும்புக் கூர்கள் கிடைத்தன. அவை மண்டையோட்டின் ஒரு துண்டுடன் ஒட்டியிருந்தன. அவற்றை யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒத்னியல் சார்லஸ் மார்ஷ் என்பவருக்கு அனுப்பினார்கள். அவர் அக்காலத்தின் தலைசிறந்த தொல்லுயிர் அறிஞர்களில் ஒருவர். மார்ஷ் கொம்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இது அழிந்துபோன மாபெரும் காட்டெருமை' என்று முடிவு செய்து, பைசன் ஆல்டிகார்னிஸ் என்று பெயரும் சூட்டிவிட்டார். 'உயர்ந்த கொம்புடைய எருமை' என்பது அதன் பொருள்.

அறிஞரே இப்படித் தவறலாமா என்று கேட்கிறீர்களா? அவர்மேல் குறை சொல்ல முடியாது. அதுவரை இத்தனை பெரிய கொம்புடைய டைனோசாரின் முழுத் தலையை யாரும் பார்த்ததில்லை. கையில் இருந்ததோ இரண்டு கொம்புகள் மட்டுமே. அவை எருமைக் கொம்புபோலவே இருந்தன.

உண்மை வெளிவர அதிக நாள் ஆகவில்லை. வயோமிங் மாநிலத்தில் மாடு மேய்க்கும் ஒருவர், ஓடைச் சரிவில் ஒரு பெரிய மண்டையோடு துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்டார். மாடு பிடிக்கும் சுருக்குக் கயிற்றை அதன் கொம்பில் வீசி இழுத்தார். கொம்பு ஒடிந்து கையோடு வந்தது. மண்டையோடு பள்ளத்தில் உருண்டது! மார்ஷின் உதவியாளர் ஜான் பெல் ஹாட்சர் 1888-ஆம் ஆண்டில் இந்தச் செய்தியை அறிந்தார். மறு ஆண்டில் அந்த மண்டையோட்டைத் தோண்டி எடுத்து அனுப்பினார். அதற்கு நெற்றியில் இரண்டு கொம்புகள், மூக்கின்மேல் ஒன்று, கழுத்துக்குப் பின்னால் விரிந்த எலும்பு விசிறி ஒன்று, முன்னால் கிளிமூக்குப்போல் வளைந்த அலகு ஒன்று இருந்தன. இது எருமையே அல்ல. ஊர்வன இனத்தைச் சேர்ந்த டைனோசார் என்று மார்ஷ் உணர்ந்தார். 1889-ஆம் ஆண்டில் அதற்கு டிரைசெரடாப்ஸ் என்று புதிய பெயரிட்டார். கிரேக்க மொழியில் இதற்கு 'முக்கொம்பு முகம்' என்பது பொருள். பின்னர், டென்வர் 'எருமை'யும் இந்தக் கொம்பு டைனோசார்க் குடும்பத்தைச் சேர்ந்ததே என்று தெளிவாயிற்று.

சரி, விலங்கு எது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. இந்த மூன்று கொம்புகளும் எதற்கு? உயிரோடு யாரும் பார்த்திராத ஒரு விலங்கு தன் கொம்பை எப்படிப் பயன்படுத்தியது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாருங்கள், எலும்புகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

உருவமும் உடற்கட்டும்

டிரைசெரடாப்ஸ் ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்தது. இன்றைய மான்டானா, வயோமிங், தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா, கொலராடோ மாநிலங்களிலும் கனடாவிலும் அதன் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இன்று அந்த இடங்களில் பல வறண்ட மேட்டு நிலங்கள். அன்றோ அவை ஆறுகள் வளைந்து பாய்ந்த வெப்பமான தாழ்நிலக் காடுகள். கிழக்கே, கண்டத்தின் நடுவிலிருந்த ஒரு கடல் மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

முழு வளர்ச்சி பெற்ற விலங்கின் நீளம் 8 முதல் 9 மீட்டர். எடை 5 முதல் 9 டன் வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். நம் நாட்டின் பெரிய ஆண் யானையைவிடவும் இது கனமானது. மண்டையோடு மட்டுமே ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளம்! அதை நிமிர்த்தி நிறுத்தினால் உங்கள் வீட்டு வாசற்படியில் நுழையாது. நெற்றிக்கொம்பின் எலும்புக் கூர் ஒரு மீட்டர் வரை வளர்ந்தது. அதன்மேல் கெரட்டின் உறையும் இருந்திருக்கும் என்பதால், உயிரோடிருந்தபோது கொம்பு இன்னும் நீளமாகவே இருந்திருக்கும்.

இத்தனை பெரிய தலையை எப்படித் தாங்கியது? முதல் சில கழுத்தெலும்புகள் ஒன்றாக இணைந்து ஒரே உறுதியான கட்டையாகிவிட்டன. மண்டையோட்டின் பின்புறம் பந்துபோன்ற ஓர் உருண்டை எலும்பு உண்டு. அது கழுத்தெலும்பின் குழியில் பொருந்தியிருந்தது. நம் தோள் மூட்டைப்போலப் பல பக்கங்களிலும் திரும்பக்கூடிய மூட்டு இது. ஆகவே கனமான அந்தத் தலையை விலங்கு எளிதாகச் சாய்க்கவும் திருப்பவும் முடிந்தது. கொம்பைப் பற்றி ஆராயும் நமக்கு இது முதல் தடயம்.

எலும்புகள் இருந்தால் மட்டும் போதாது. அவற்றைச் சரியாகக் கோக்கவும் வேண்டும். 1905-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் டிரைசெரடாப்ஸின் முழு எலும்புக்கூடு முதன்முதலாக நிறுத்தப்பட்டது. ஒரே விலங்கின் எலும்புகள் போதாமையால் பத்துக்கும் குறையாத விலங்குகளின் எலும்புகளைச் சேர்த்தே அதை அமைத்தார்கள். விளைவு என்ன தெரியுமா? தலை உடலுக்குப் பொருந்தாமல் சிறுத்திருந்தது. பின்னங்கால் பாதங்களோ வாத்தலகு டைனோசார் என்னும் வேறொரு விலங்குடையவை! கணிப்பொறி உதவியால் ஒவ்வோர் எலும்பையும் அளந்து, 2001-ஆம் ஆண்டில்தான் திருத்திய வடிவத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மக்கள் பார்த்து வியந்தது பல விலங்குகளின் கதம்பத்தை!

பாக்குவெட்டிப் பற்கள்

கொம்பைப் பார்த்து இது கொடிய விலங்கு என்று எண்ணிவிடாதீர்கள். டிரைசெரடாப்ஸ் தாவர உண்ணி. அதன் தலை தரையை ஒட்டித் தாழ்ந்தே இருந்தது. ஆகவே தாழ்வாக வளரும் செடிகளே அதன் முக்கிய உணவாக இருந்திருக்க வேண்டும். அன்று புல்வெளிகள் கிடையா. ஆனால் பூக்கும் தாவரங்கள் பெருகிவிட்டன. அவற்றோடு பெரணிகளும், பனைக் குடும்பத்துச் செடிகளும், ஊசியிலை மரங்களும் இருந்தன.

அலகினால் கிளையைக் கவ்வி ஒடித்தபின் வேலை பற்களுக்கு. தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் 36 முதல் 40 வரையிலான பல் வரிசைகள் அடுத்தடுத்து நின்றன. ஒவ்வொரு வரிசையிலும் மேலும் கீழுமாக 3 முதல் 5 பற்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு நேரத்தில் மேலே இருப்பது மட்டுமே வேலை செய்யும். அது தேய்ந்து விழுந்தால் அடுத்த பல் அதன் இடத்தைப் பிடிக்கும். தாடைப் பக்கங்கள் நான்கு. இப்போது நீங்களே பெருக்கிப் பாருங்கள். குறைந்தது 432, மிகுந்தால் 800 பற்கள்!

இந்தப் பற்கள் மாட்டின் பற்களைப்போல அரைக்கவில்லை. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசிச் சென்றன. பாக்குவெட்டியின் இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று கடந்து பாக்கைத் துண்டாக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். நாரும் உறுதியும் மிகுந்த இலைகளை அது அப்படித்தான் நறுக்கியது. 2015-ஆம் ஆண்டில் இப்பற்களை நுட்பமாக ஆராய்ந்தவர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். இன்றைய ஊர்வனவற்றின் பல்லில் பொதுவாக இரண்டு வகைத் திசுக்களே உண்டு. குதிரையின் பல்லில் நான்கு. டிரைசெரடாப்ஸின் பல்லிலோ ஐந்து! மென்மையான திசு விரைவாகவும் கடினமான திசு மெதுவாகவும் தேயும். அதனால் பல்லின் நடுவே குழிவும் ஓரத்தில் கூர்மையும் தாமாகவே உண்டாயின. நாம் கத்தியைச் சாணை பிடிக்கிறோம். அதன் பற்களோ தின்னத் தின்னத் தாமே சாணை பிடித்துக்கொண்டன!

வளர வளர மாறிய கொம்பு

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். கொம்பு பகைவனைக் குத்துவதற்கே என்பது பலரும் உடனே சொல்லும் விடை. இதே காட்டில் டைரனோசாரஸ் ரெக்ஸ் என்னும் பெரும் ஊனுண்ணியும் வாழ்ந்ததால் இந்த விடை பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அது முழு விடையா?

1997-ஆம் ஆண்டில் மான்டானாவில் ஒரு குட்டியின் மண்டையோடு கிடைத்தது. அதன் முழு நீளம் ஏறத்தாழ 38 செ.மீ.தான் இருந்திருக்கும். அதன் நெற்றிக்கொம்புகள் உங்கள் கட்டைவிரல் நுனி அளவே இருந்தன. ஜாக் ஹார்னர், மார்க் குட்வின் என்னும் இரு ஆய்வாளர்கள் இதையும் வெவ்வேறு வயதுடைய பிற மண்டையோடுகளையும் வரிசையாக அடுக்கி ஒப்பிட்டு, 2006-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார்கள். குட்டியில் கொம்பு நேரான சிறு முளை. இளம் பருவத்தில் அது பின்னோக்கி வளைந்தது. முதிர்ந்த பருவத்தில் முன்னோக்கித் திரும்பியது! விசிறியின் விளிம்பிலும் மாற்றம் நடந்தது. இளமையில் முக்கோணக் கூர்களாக நின்ற சிற்றெலும்புகள் முதுமையில் தட்டையாகி விளிம்போடு ஒட்டிவிட்டன.

இதன் பொருள் என்ன? பகைவனிடம் எளிதில் சிக்கக்கூடியது குட்டிதான். கொம்பு தற்காப்புக்கு மட்டுமே என்றால், அதற்குப் பயன்படாத கட்டைவிரல் கொம்பு எதற்கு? இனப்பெருக்கப் பருவத்துப் போட்டிக்கு மட்டுமே என்றாலும், அந்தப் பருவம் எய்தாத குட்டிக்குக் கொம்பு தேவையில்லை. ஆனால் கொம்பின் வளைவைப் பார்த்தாலே 'இது குட்டி, இது இளையது, இது முதிர்ந்தது' என்று மற்ற விலங்குகள் அறிந்துகொண்டிருக்கலாம். கொம்பும் விசிறியும் தன் இனத்தார் படிக்கும் அறிவிப்புப் பலகைகளாக இருந்தன என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

காயங்கள் சொல்லும் சாட்சி

அறிவிப்பு மட்டும்தானா, அல்லது கொம்பைக் கோத்து ஒன்றோடொன்று போரிட்டனவா? இன்றைய கிடாக்களும் மான்களும் காளைகளும் தம் இனத்தோடு முட்டிக்கொள்வதை நாம் பார்க்கிறோம். ஆயினும் ஒப்புமை வேறு; சான்று வேறு. சான்று வேண்டுமானால் சோதனை வேண்டும்.

ஆண்ட்ரூ ஃபார்க்கே என்னும் ஆய்வாளர் ஓர் எளிய வழியைக் கண்டார். மண்டையோட்டின் சிறிய மாதிரிகள் இரண்டைச் செய்து, அவற்றின் கொம்புகளைப் பல விதமாகக் கோத்துப் பார்த்தார். 'இவை இப்படி மோதியிருந்தால் எதிராளியின் தலையில் இன்னின்ன இடங்களில் கொம்பு குத்தும்' என்று 2004-ஆம் ஆண்டிலேயே கணித்து வெளியிட்டார். பிறகு அவரும் அவருடைய நண்பர்களும் அருங்காட்சியகங்களிலுள்ள மண்டையோட்டு எலும்புகளில் பழைய காயங்களைத் தேடினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மற்றோர் இனத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அது சென்ட்ரோசாரஸ். அதுவும் கொம்பு டைனோசார்தான்; ஆனால் அதற்கு மூக்குக்கொம்பு பெரிது, நெற்றிக்கொம்புகள் மிகச் சிறியவை. ஆகவே அது நெற்றிக்கொம்பைக் கோத்துப் போரிட்டிருக்க முடியாது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். காயங்கள் நோயினாலோ தற்செயலாகவோ உண்டானவை என்றால் இரண்டு இனங்களிலும் அவை ஒரே அளவில் இருக்க வேண்டும். கொம்புப் போரினால் என்றால் டிரைசெரடாப்ஸில் விசிறியின் பக்க எலும்பில் அதிகம் இருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இரண்டாவது கருத்தின் பக்கமே நின்றது. கணித்த அந்த எலும்பில் டிரைசெரடாப்ஸின் காயங்கள் பெரிதும் மிகுந்திருந்தன. தெற்கு டகோட்டாவில் கிடைத்த மற்றொரு பெரிய டிரைசெரடாப்ஸின் விசிறியில் ஒரு துளை இருந்தது. 2022-ஆம் ஆண்டில் அதை ஆராய்ந்தவர்கள், துளையின் விளிம்பில் புது எலும்பு வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். அதாவது குத்துப்பட்ட விலங்கு உடனே இறக்கவில்லை. பல மாதங்கள் உயிர் வாழ்ந்திருக்கிறது.

அப்படியானால் டைரனோசாரஸோடு மோதிய கதை வெறும் கற்பனையா? அதுவும் இல்லை. ஒரு டிரைசெரடாப்ஸின் நெற்றிக்கொம்பு கடிபட்டு ஒடிந்திருக்கிறது. எலும்பில் டைரனோசாரஸின் பல் தடங்களும் இருக்கின்றன. ஒடிந்த இடத்தில் எலும்பு மறுபடி வளர்ந்து ஆறியிருக்கிறது. இறந்த விலங்கின் எலும்பு ஆறுமா? ஆறாது. ஆகவே இந்த விலங்கு கொடிய பகைவனின் வாயில் அகப்பட்டும் தப்பிப் பிழைத்தது என்பது உறுதி.

எல்லா விலங்குகளுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. மற்றொரு டிரைசெரடாப்ஸின் இடுப்பெலும்பில் டைரனோசாரஸின் பல் தடங்கள் பல பதியப்பட்டுள்ளன. 1996-ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தார்கள். ஆறியதற்கான அடையாளம் எதுவும் அவற்றில் இல்லை. டைரனோசாரஸ் இதைத் தின்றது என்று நாம் சொல்லலாம். ஆனால் அதுவே கொன்றதா, இறந்து கிடந்ததைத் தின்றதா என்று இந்த எலும்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தடயம் சொல்லும் எல்லையைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கக் கூடாது!

கூட்டமா, தனிமையா?

கனடாவின் ஆல்பெர்ட்டாவில் சென்ட்ரோசாரஸின் எலும்புகள் ஒரே படுகையில் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. ஆகவே அவை பெருங்கூட்டமாக வாழ்ந்தன என்று கருதுகிறார்கள். டிரைசெரடாப்ஸோ பெரும்பாலும் ஒற்றையாகவே கிடைக்கிறது. அதனால் 'இது தனித்துத் திரிந்த விலங்கு' என்று நெடுங்காலம் எண்ணினார்கள். ஆனால் மான்டானாவில் மூன்று இளம் விலங்குகள் ஒன்றாகப் புதைந்திருந்த செய்தி 2009-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நெதர்லாந்து நாட்டின் அருங்காட்சியகக் குழு ஒன்று வயோமிங்கில் டைரனோசாரஸைத் தேடப் போய், குறைந்தது ஐந்து டிரைசெரடாப்ஸ்களின் எலும்புகளை ஒரே இடத்தில் கண்டது. எப்போதும் தனிமை என்ற கருத்து இதனால் ஆட்டம் கண்டுவிட்டது.

இன்னும் முடியாத வழக்கு ஒன்றும் உண்டு. அதே காலத்தில், அதே பகுதியில் டோரோசாரஸ் என்னும் மற்றொரு கொம்பு டைனோசாரும் இருந்தது. டிரைசெரடாப்ஸின் விசிறி கெட்டியான எலும்பு. டோரோசாரஸின் விசிறியோ நீண்டு, இரண்டு பெரிய துளைகளுடன் இருக்கும். 'இவை இரண்டு இனங்கள் அல்ல. டிரைசெரடாப்ஸ் முதுமையடைந்தால் டோரோசாரஸ்!' என்று ஹார்னரும் ஜான் ஸ்கனெல்லாவும் 2010-ஆம் ஆண்டில் சொன்னார்கள். 'டோரோசாரஸிலும் முழுதும் முதிராத மண்டையோடுகள் உண்டே' என்று மற்றவர்கள் 2012-ஆம் ஆண்டில் மறுத்தார்கள். இந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இதைத் தீர்க்கக்கூடிய மண்டையோடு இன்னும் ஏதோ ஒரு பாறைக்குள் இருக்கலாம்.

கடைசிச் சாட்சி

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு விண்கல், இன்றைய மெக்சிகோவின் கரையோரத்தில் பூமியைத் தாக்கியது. எழுந்த புழுதியும் புகையும் சூரிய ஒளியை மறைத்தன. செடிகொடிகள் வாடின. அவற்றை நம்பி வாழ்ந்த விலங்குகளும், அந்த விலங்குகளை நம்பி வாழ்ந்த ஊனுண்ணிகளும் மடிந்தன. அதே காலப் பகுதியில் நம் நாட்டின் தக்காணத்தில் பெரும் எரிமலைக் குழம்பு வெள்ளமெனப் பெருகிக்கொண்டிருந்தது. அழிவில் அதற்கும் பங்குண்டா என்பதை ஆராய்ந்து வருகிறார்கள். விண்கல் விட்டுச்சென்ற இரிடியம் என்னும் உலோகம், உலகின் பல இடங்களில் பாறைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய அடுக்கில் மிகுந்து காணப்படுகிறது. அந்த அடுக்குக்கு மேலே கொம்பு டைனோசார்கள் இல்லை.

'விண்கல் விழுவதற்கு நெடுங்காலம் முன்பே டைனோசார்கள் அழிந்துவிட்டன' என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த அடுக்குக்குக் கீழே ஏறத்தாழ மூன்று மீட்டர் வரை டைனோசார் எலும்பே கிடைப்பதில்லை என்பது அவர்கள் காட்டிய காரணம். மான்டானாவில் நடந்து, 2011-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கண்டுபிடிப்பு இதற்குப் பதில் சொல்லிற்று. அடுக்குக்குக் கீழே வெறும் 13 செ.மீ. ஆழத்தில் கொம்பு டைனோசார் ஒன்றின் எலும்பு கிடைத்தது. அது எந்த எலும்பு தெரியுமா? ஒரு நெற்றிக்கொம்பு!

மார்ஷை ஏமாற்றியது ஒரு நெற்றிக்கொம்பு. வயதை அறிவித்தது, இனத்தாரோடு முட்டியது, பகைவனிடம் கடிபட்டு ஆறியது, இறுதியில் அழிவு நாளுக்கு மிக அருகே நின்று சாட்சி சொன்னது, எல்லாம் நெற்றிக்கொம்புதான். கொம்பு எதற்கு என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை என்பது இப்போது புரிகிறதல்லவா?

இனிமேல் புத்தகத்தில் டிரைசெரடாப்ஸின் படத்தைக் கண்டால் ஒரு வேலை செய்யுங்கள். அதன் ஒவ்வொரு பகுதியையும் காட்டி, 'இது எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். அலகும் கொம்பும் விசிறியும் எலும்பு சொன்னவை. தோலின் நிறமோ பெரும்பாலும் ஓவியரின் கற்பனை. எது எலும்பு சொன்னது, எது மனிதர் சேர்த்தது என்று பிரித்தறியத் தொடங்கிவிட்டால், நீங்களும் தொல்லுயிர் ஆய்வின் முதற்படியில் கால் வைத்துவிட்டீர்கள்!